சீயக்காயில் கரைந்த படகு

படகில் நின்றது ஒருவனா, இரண்டு பேரா என்று இப்போது யாருக்கும் உறுதியில்லை. ஒருவன் தலையில் துண்டைச் சுற்றிக் கட்டி, கையில் மூங்கில் கழி வைத்திருந்தான். எண்பதாம் வருடம், ஒரு காலை ஒன்பது மணிக்குள், படகும் ஆளும் தண்ணீரோடு போய்விட்டார்கள்.

சாலம்மாள் ஈரத்துணியோடு நின்றாள். எதிரில், சுவரில் சாய்த்த எண்ணெய் வண்ணப் படம். கல்வராயன் மலையில் அவள் பெருக்கும் அரசாங்கப் பங்களாவை விட்டுப்போன வெள்ளைக்காரர் அதையும் விட்டுப்போயிருந்தார். ஏதோ சீமை நகரத்து ஆறு, கரையெல்லாம் மாடி வீடுகள், தூரத்தில் பாய்மரக் கப்பல்கள். இருநூறு வருடப் பழசு என்று சென்னை மியூசியத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சரிபார்த்து எடுத்துப்போக அன்று ஒரு அதிகாரி வருகிறார்.

அதற்குள் படம் பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கேறியது விளக்கானாலும் சட்டியானாலும் அவளுக்குச் சீயக்காய்தான். வீடுகளும் கப்பல்களும் அசையவில்லை, அழுக்கு போய் மின்னின. படகு மட்டும் துணியோடு வந்துவிட்டது.

"இன்னா சாலம்மா, ஆள முழுகடிச்சிட்டியா?" என்றான் வாட்ச்மேன் மாயவன். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பதினோரு வருடம் தினக்கூலிக்குப் பெருக்கிய வேலை, அடுத்த மாதம்தான் அவளுக்கு நிரந்தரமாகப் போவதாக இருந்தது.

பகலில் ஜீப் வந்தது. அதிகாரி கலீலுல்லா, ஓய்வு பெற ஒரு வருடமே இருந்தவர். இளவயதில் இதே படத்தைத் தூசி தட்டி மரச்சட்டம் மாற்ற வந்தவராம். மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, முகம் வெளுத்திருந்தது.

நேராகப் படகு இருந்த இடத்தைத்தான் பார்த்தார். குனிந்து, விரலால் தடவினார். பிறகு விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

சாலம்மாள் முன்னால் வந்தாள். அவர் திட்டும்வரை காத்திருப்பதைவிட அடி வாங்குவது மேல் என்று தோன்றியது. "நான்தாங்க கழுவுனேன். ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு கெடக்குறேங்க. வேலைய எடுத்துடாதீங்க" என்றாள்.

அவர் மாயவனை டீ வாங்கிவர அனுப்பினார். அவன் போகும்வரை காத்திருந்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் படத்தைப் பிடித்தது, ஒப்பிட்டுப் பார்க்க ஆபீஸில் கொடுத்தது. வீடுகள் இருந்தன, கப்பல்கள் இருந்தன. படகு இல்லை.

சாலம்மாள் நிமிர்ந்தாள். அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஆறு வெறுமனே கெடக்குதேன்னு, வாட்டர் கலர்ல அந்தப் படகை வரைஞ்சது நான்தாம்மா," என்றார். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."