வாசலில் நின்றவன்

“கதவைச் சாத்து ஜாவித்! ஏ.சி. போட்டதே வீணாப் போகுது” என்று மூன்றாவது முறையாகக் கத்தினாள் தேஜஸ்ரீ.

விட்டால் தானாகச் சாத்திக்கொள்கிற கண்ணாடிக் கதவு. அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி ஹால் வாசலிலேயே நின்றிருந்தான் ஜாவித்.

“உள்ள புழுங்குது அம்மணி.”

“ஏ.சி. ஹால்ல புழுங்குதா? செகரட்டரி எலெக்‌ஷன்ல எங்கிட்டத் தோத்ததுல இருந்து, நீ எங்க நின்னாலும் உனக்குப் புழுங்கத்தான் செய்யும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜாவித்தும் சிரித்தான். கதவை மட்டும் விடவில்லை.

அசையும் சிற்பங்கள் செய்கிற பீளமேட்டு மாணவர்களின் சங்கம் அது. மோட்டார் கூடாது, பேட்டரி கூடாது. செய்தவரே இயக்கிக் காட்ட வேண்டும். அடுத்தவர் உதவினால் அந்தச் சிற்பம் போட்டியிலேயே இல்லை. விதியை எழுதியவள் தேஜஸ்ரீ. ஜெயிப்பவருக்குப் பரோடாவில் ஆறு மாதப் பயிற்சி. ஒரே ஓர் இடம்.

கடைசிச் சுற்றில் இரண்டு மிஞ்சின. ஒன்று, பழைய பம்புசெட் தகட்டை வெட்டி தேஜஸ்ரீ செய்த பறவை. காலையிலிருந்து சிறகடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று, கோலிக்குண்டுகள் உருண்டு இறங்க இறங்கத் தலையாட்டும் மரக்காளை. ஜாவித் செய்தது.

நடுவர் சுந்தரராஜுலு பறவையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“நிக்கவே மாட்டேங்குதுங்களே!” என்றவர் காளையின் பக்கம் திரும்பினார். “இது யாருதுங்க? வந்து ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்.”

ஜாவித் காளையைப் பார்த்தான். பறவையைப் பார்த்தான்.

“அது ரிப்பேருங்க சார். இன்னைக்கு ஓடாதுங்க.”

“காலைல நல்லாத்தானே ஓடுச்சு?” என்று முனகினான் ஜூனியர் கிஷன்.

நடுவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தாளில் எழுதினார். பரோடா தேஜஸ்ரீக்கு. எல்லாரும் கை தட்டினார்கள். ஜாவித் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினான்.

நடுவர் டீ குடிக்கப் போனதும் தேஜஸ்ரீ வாசலுக்கு வந்தாள்.

“போட்டி போட்டுத் தோக்கக்கூட மனசு வரலை, இல்ல? ஒரு பொண்ணுகிட்ட ரெண்டாவது தடவையும் தோத்துட்டான்னு யாரும் சொல்லிரக் கூடாது. அதுக்கு ரிப்பேருன்னு ஒரு சாக்கு!”

“அப்படியில்ல…”

“பின்ன எப்படி? சொல்லு.”

ஜாவித் கதவை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அவன் கண்ணெதிரிலேயே சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கினாள். “இனிமே இந்தப் பக்கம் வராதே.”

ஜாவித் தன் போனைப் பார்த்தான்.

“சரிங்க செகரட்டரி.”

எப்போதும் ‘அம்மணி’ என்கிறவன். கதவை விட்டுவிட்டு நடந்தான். கண்ணாடிக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

“அக்கா, பறவை நின்னுபோச்சுங்க” என்றான் கிஷன்.

தேஜஸ்ரீ திரும்பினாள். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிறகு அசையவில்லை.

செய்துகொண்டிருந்த மூன்று மாதமும் அவள் அதை மொட்டைமாடிக் காற்றில்தான் ஓட்டிப் பார்த்திருந்தாள். அடைத்த ஹாலில் ஒருநாள்கூட வைத்துப் பார்க்கவில்லை; ஏ.சி. காற்றே போதும் என்று நினைத்திருந்தாள்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஆடிக்காற்று உள்ளே பாய்ந்தது. பறவை மறுபடி சிறகடித்தது.

வராந்தாவின் கடைசி வரை பார்த்தாள். யாரும் இல்லை.