ஆறில் இரண்டு

தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தந்த ஓர் அம்மாவுக்குக் கணக்கு என்றாலே குலை நடுங்கும். கடைகடையாக ஏறி இறங்கி, ‘கணக்கு கடிக்காது’ என்ற புத்தகத்தை வாங்கி, அதில் உள்ளதை அப்படியே சொல்லிக்கொடுத்தாள். இன்று சோதித்துப் பார்க்கக் கல்வி அதிகாரி வந்துவிட்டார். மகள் தவறினால் வீட்டுப் படிப்புக்கான அனுமதி போய்விடும்.

“பாப்பா, ரெண்டில் ஒண்ணையும் நாலில் ஒண்ணையும் கூட்டு, பார்ப்போம்.”



“மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழே ரெண்டும் நாலும் ஆறு. ஆறில் ரெண்டு, சார்!”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“யாரும்மா சொல்லிக்கொடுத்தது?”

“நா... நான்தான் சார். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

“எந்தப் புத்தகம்?”

எடுத்து நீட்டினாள். அதிகாரியின் கண்கள் கலங்கிவிட்டன.

“இதை எழுதினதே நான்தாம்மா! இத்தனை வருஷத்துல காசு கொடுத்து வாங்கின ஒரே ஆள் நீங்கதான்.”

அனுமதித் தாளில் கையெழுத்து விழுந்தது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“டீ குடிக்கறீங்களா சார்?”

“முக்கால் டம்ளர் போதும்.”

சமையலறையில் அவள் அரை டம்ளர் ஊற்றினாள். அதன் மேல் இன்னொரு கால் டம்ளர் ஊற்றினாள். அளவு கச்சிதமாக இருந்தது.