வழி மறிச்சவ

"இந்தப் பக்கம் ஒரு செங்கல் லோடு வரட்டும் பாப்போம்! டயருக்கு முன்னால படுத்துருவேன்!"

சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு அந்தப் பொம்பளை கத்துன கத்துல புரோக்கர் செல்லப்பாண்டியே பின்னால நகந்துட்டாரு.

பந்தல்குடிக்குக் கொஞ்சம் முன்னாடி, மெயின் ரோட்டை ஒட்டுன மனை. அருப்புக்கோட்டையில வாடகை வீடு மாறி மாறிச் சலிச்சுப்போய், என் நகையை எல்லாம் வித்து வாங்க இருந்தோம். மறுநாள் அட்வான்ஸ். கடைசியா ஒருக்கா பாத்துட்டு வருவோம்னு போன இடத்துல இந்தக் கூத்து.

"இது பொதுப் பாதைதானக்கா?" எங்க வீட்டுக்காரர் தாவீதுராஜ் பதமாத்தான் கேட்டாக.

"எம் பாதைய்யா! கோர்ட்டுக்கு வாரியா? உம் பிள்ளைக காலம் வரைக்கும் இழுப்பேன்!"

"பக்கத்து வெள்ளாமைக் காட்டுக்காரி போலருக்கு. பொறாமைக்கா. பேசிச் சரிக்கட்டிரலாம்" னாரு செல்லப்பாண்டி.

இவுகளா சரிக்கட்டுற ஆளு? நாய் குரைச்சாலே தெரு மாறிப் போறவுக. "இந்த மனையே வேணாம் ரூத், வா" ன்னு வண்டியை எடுத்துட்டாக.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அந்தப் பொம்பளையை நான் திட்டாத திட்டு இல்லை. ஜெபத்துல உக்காந்தாலும் அவ மூஞ்சிதான் வந்து நின்னுச்சு.

ஐப்பசியில மழை பிச்சு உதறிருச்சு. தூத்துக்குடிக்குப் பஸ்ஸுல போறோம். மனை இருந்த இடத்தைப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"என்னங்க, அங்க பாருங்க!"

மனைக்கல்லு ஒண்ணையும் காணோம். விளம்பர போர்டு மட்டும் தண்ணிக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு நிக்குது.

"இயேசப்பா! தப்பிச்சோம்!" எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. இவுக என் கையைப் புடிச்சவுக விடவே இல்லை.

பந்தல்குடி ஸ்டாப்புல அதே பொம்பளை ஏறி, எனக்கு முன் சீட்டுல உக்காந்தா. தோளைத் தொட்டேன்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

கொஞ்சம் முழிச்சா. அப்புறம் சிரிச்சுட்டா.

"தெரியாம என்ன தாயி? அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீக. கண்மாய்க்குத் தண்ணி போற ஓடையை மண்ணடிச்சு மூடித்தான் அங்க பிளாட்டு போட்ருக்கான்."

"அதைச் சொல்லிருக்கலாம்லக்கா?"

"குடிக்கவே தண்ணியில்லாத ஊருல வெள்ளம் வரும்னா நம்பிருப்பீகளா? பாதைச் சண்டைன்னாத்தான் எவனும் நிக்க மாட்டான்."

அவ கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"நல்லா இருப்பீகக்கா. உங்க காடு தப்பிச்சுச்சா?"

"எனக்கு ஏது தாயி காடு? எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறாரு. அங்க இருந்தே போன்ல புரோக்கர்கிட்ட விக்கச் சொன்னது அவருதான். எங்களுக்குன்னு இருக்குறது நீங்க விலை பேசுன அந்த மனை ஒண்ணுதான்."