தோளில் பட்ட குத்து

ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவது யார் என்பதை பெல்சியும் அவள் அண்ணன் மனைவி சகாயராணியும் மொட்டைமாடியில் முனை மழுங்கிய விளையாட்டு வாள் வீசித்தான் முடிவு செய்வார்கள். எதிராளியின் வாள் அடுத்து எங்கே வரும் என்று தலையில் மாட்டிய மின்னணு முகமூடி காதில் சொல்லிவிடும். அதனால் இருவரும் தடுத்துக்கொண்டே இருப்பார்கள்; ஆட்டம் சமனாகும். பாவம், அண்ணன்தான் கழுவுவார்.

இன்று சகாயராணி மார்பில் குத்துவதுபோல் போக்குக் காட்டினாள். தடுக்க பெல்சி வாளைக் குறுக்கே கொண்டுபோனதும், சகாயராணியின் வாள் அதைச் சுற்றி வந்து தோளில் குத்தியது.

பெல்சி கையை உயர்த்தித் துள்ளினாள். “பட்டுட்டு மைனி!”

“முகமூடி சொல்லலியா?”

“அணைச்சுப் போட்டேன். சப்புன்னு இருந்துச்சு.”

“ஏட்டி, நானுந்தான்!”

சாளை மீனைக் கழுவும்போதும் பெல்சி அந்தத் தோளைத் தடவித் தடவிச் சிரித்தாள். சட்டையெல்லாம் மீன் வாடை.