கடைவாய்ப் பல்லில் ஒரு மணி

கண்ணாடிக் கூடத்துக்குள் நாற்பத்திரண்டு டிகிரி. தண்ணீரையும் நிறுத்தியிருந்தார்கள். இந்தச் சூட்டில் கோதுமைச் செடி உயிரைக் காக்கும் மரபணுக்களை முடுக்கிவிட்டு, மணி பிடிப்பதை நிறுத்திக்கொள்ளும். நானூறு தொட்டிகளில் ஒன்று மட்டும் நிறுத்தாமல் ஒரே ஒரு கதிர் விட்டிருந்தது. ஆராய்ச்சியாளர் ஜெயரூபாவுக்கு அது ஆறு வருட உழைப்பு. ஆராய்ச்சிக்குப் பணம் ஏதாவது கொடுத்து உதவுவாரென்று மாவு மில் தங்கப்பழம் அண்ணாச்சியை அழைத்துவந்து காட்டிவிட்டு, வெப்பமானியைப் பார்க்கத் திரும்பினாள். அண்ணாச்சி சரக்கைக் கண்டால் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார். கதிரைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதி, வாயில் போட்டு மென்றார்.

“ஈரம் பத்து சதவீதம்கூட இருக்காது. நயம் சரக்கும்மா. எத்தனை மூட்டை இருக்கு?”

“மூட்டையா? உலகத்துல இருந்ததே அவ்வளவுதான் அண்ணாச்சி!”

அவர் நாக்கு வாய்க்குள் ஒரு சுற்று போய்வந்தது. “சொத்தைப் பல்லுக்குள்ள ஒண்ணு முழுசா கிடக்கு போலயே.”

“அசையாதீங்க. எச்சில் முழுங்காதீங்க. வாயைத் திறங்க!” அவள் கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

வாங்க வருகிறவர் கை நடுங்கினால் விலையை ஏற்றலாம் என்பது நாற்பது வருடமாக வியாபாரம் செய்கிறவருக்குத் தெரியாததா? அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.