சோலைமலை பேசிய படம்

டிக்கோயா தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களைப் பற்றிப் படம் பிடிக்க வந்தவர்களைச் சோலைமலை குடியிருந்த லயத்துக்கு அழைத்து வந்தவன் றோலண்ட்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த சிநேகிதன். இப்போது அவனுக்குக் கொழும்பில் அந்தப் படக் கம்பெனியில் வேலை.

"மனசுல உள்ளதப் பேசு மச்சான். நாடே கேக்கும்" என்றான்.

சோலைமலை கொட்டித் தீர்த்துவிட்டான். "இந்த லயத்துலதான் பொறந்தேன். என்னையப் போயி பிரஜாவுரிமை இல்லாத அந்நியன்னுட்டாங்க. ஒழுகுற காம்பராவுல ஏழு பேரு படுக்கிறோம். நாங்க மனுசங்க இல்லையா?" பேசி முடித்தபோது அழுதுகொண்டிருந்தான். றோலண்ட் அவனைக் கட்டிக்கொண்டான்.

படம் வந்ததும் அட்டன் தியேட்டருக்குக் கூட்டிப்போனவனும் றோலண்ட்தான். தோட்டத்து ஆட்களெல்லாம் திரண்டிருந்தார்கள். திரையில் சோலைமலையின் முகம் வந்தது, வாய் அசைந்தது. குரல் மட்டும் வேறு யாருடையதோ.

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. தொரை எங்கள பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கிறாரு. சந்தோசத்துல அழுகையே வருதுங்க!"

தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. "தொரை பெத்த புள்ள இந்தா ஒக்காந்திருக்கான்டா!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சோலைமலைக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்திலிருந்த றோலண்டின் கையை இறுகப் பிடித்தான்.

"எவன்டா அது? எம் வாயில பேசுறவன் எவன்டா?"

றோலண்ட் பெருமையோடு அவன் காதருகே குனிந்தான்.

"கண்டுபிடிக்க முடியலல்ல? நாந்தான் மச்சான்! நம்ம லயத்துப் பேச்சு கொழும்புல ஒருத்தனுக்கும் வரல. அதுக்குத்தானே என்னைய வேலைக்கே எடுத்தாங்க!"