அதிரும் கையுறை

அவள் சோதனைக்குக் கொண்டுவந்திருந்த கையுறையைத் தன் கையில் மாட்டிப் பார்த்தாள்.

கட்டைவிரல் பக்கம் விர்ரென்றது. சுண்டுவிரல் பக்கமும்.

பழுது இல்லை.

வெல்டிங் டார்ச் சாய்ந்தால் சென்சார் கண்டுகொள்ளும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையுறை அதிரும். வெல்டர் கையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பிலவேந்திரன் திருத்தவில்லை. காலையிலிருந்து குழாயில் அவர் போட்ட ஜாயிண்ட் எல்லாம் கோணல்.

"உங்க கையுறை தூங்குதா, இவரு தூங்குறாரா?" மேலாளர் கேட்டார். "கையுறைன்னா இன்னிக்கே மூட்டையக் கட்டிருங்க. நீங்களும்தான்."

"தங்கமான மிஷின் சார்," என்றார் பிலவேந்திரன். "எனக்குத்தான் இன்னும் பழகல. பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம். புதிது. நீர் கோத்திருந்தது.

"இது எப்பண்ணே சுட்டுச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். யாருடைய விரலையோ பார்ப்பதுபோல.

பிறகு அவளைப் பார்த்தார்.

சர்க்கரை எத்தனை வருஷமாக என்று அவள் கேட்கவில்லை. விரலில் உணர்வு இல்லாதவருக்கு இங்கே டார்ச் தரமாட்டார்கள். அது இருவருக்கும் தெரியும்.

கையுறையில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு வாக்கியம்.

அவள் கையுறையை அவருக்கு மாட்டிவிட்டாள்.

அவர் முகமூடியை இறக்கினார். குழாயின் மேல் நெருப்பு பற்றியது. இனி அதைத் தவிர அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அவள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

சென்சாரிலிருந்து கையுறைக்கு வரும் வயரைக் கழற்றினாள்.

மேலாளர் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, இப்ப அதிருதா?"

பதில் உடனே வந்தது.

"நல்லா அதிருது பாப்பா. முன்னவிட இப்பதான் ஜோரா இருக்கு."

மேலாளர் வயரைப் பார்த்தார். பிலவேந்திரனின் முதுகைப் பார்த்தார்.

"கையுறையில கோளாறு இல்ல சார்," என்றாள்.



மேலாளர் தலையசைத்தார். அடுத்த வெல்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

நெருப்பு அணைந்தது. பிலவேந்திரன் முகமூடியை உயர்த்தினார். அவள் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா," என்றார். "பாப்பாவுக்கு ஒரு டீ சொல்லுங்க சார்."